ஃபிஜித் தீவில் எனக்கொரு சமையலறை

ஃபிஜி போகலாம் என்று மகன் சொன்ன அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, முப்பது வருடம் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன் நான். எங்கள் கப்பல் ஒருமுறை அந்தத் தீவுக்குப் போய் மூன்று நாள் நின்றது. மற்றவர்களெல்லாம் ஷோர் லீவு வாங்கிக்கொண்டு கரைக்கு இறங்கிவிட்டார்கள். நான் எப்படி இறங்குவது? பன்னிரண்டு மணிக்குச் சோறு ஆக வேண்டுமே. உருளைக்கிழங்கு உரித்தபடி வட்டச் சன்னல் வழியாகப் பச்சை மலையைப் பார்த்தேன். சாயங்காலம் அவர்கள் செருப்பில் வந்த மணலைக் கூட்டி அள்ளியதும் நான்தான்.

இந்தக் கதையை மகன் நூறு தடவை கேட்டிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் வைத்த மீன்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். கடலைப் பார்த்த வீடு, முழுதாக நமக்கே என்றான். அடுத்த படத்தில் நாலு அடுப்பு வைத்த சமையலறை.

“இது யாருக்குல?”

“ஓட்டல் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்காதுப்பா. நீங்கதான் இருக்கியல்லா.”

மருமகள் வேறு பேப்பரும் பேனாவுமாக வந்து நின்றாள். “மாமா, மசாலாப் பொடி எவ்வளவு எடுத்துக்கிடணும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் வரலைல. நீங்க போயிட்டு வாங்க.”

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி. “நீங்க வரலைன்னா அங்கன யாரு சமைப்பா?” என்றான். கேப்டன் கேட்டால் நியாயம், அவர் எனக்குச் சம்பளம் கொடுத்தார். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

“முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டாச்சு. அந்தத் தீவுல நான் உக்காரணும், ஒருத்தன் கொண்டாந்து எனக்கு வைக்கணும். அதுக்குத்தாம்ல சரின்னேன்!”

“கோவப்படாதிய. மொத நாள் வேணும்னா வெளிய சாப்பிடுவோம்.”

முதல் நாளாம்! என்ன தாராளம்!

மறுநாள் காலையில், வழக்கமாக நான் டீ போட்டு எல்லாரையும் எழுப்புகிற நேரத்தில், சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுக ரோட்டு டீக்கடைக்கு நடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் போன் அடித்தது.

“எப்பா, எங்கன இருக்கிய? அடுப்பே பத்த வைக்கல?”

கடைக்கார அண்ணாச்சி டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“கரையில இறங்கிட்டேம்ல,” என்றேன். “மூணு நாளு ஷோர் லீவு.”