அருளப்பண்ணன் போட்ட சிவப்பு அம்பு

என் மூத்த பேத்தி கற்பகம் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியிருக்கிறாள். நான் படிப்பை நிறுத்திய அதே ஐந்தாம் வகுப்பு. அவள் தம்பி செல்வம் திண்டிவனத்தில் நடந்த ஓட்டப்பந்தயத்தில், தன்னைவிட ஒரு முழம் உயரமான பையன்களை முந்தி எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்தான். கடைக்குட்டி மல்லிகா பள்ளிக்கூட நாடகத்தில் ராணி வேஷம் கட்டி, வசனத்தை மறந்த மந்திரிக்கும் சேர்த்து அவளே பேசினாள். இதையெல்லாம் எழுதி மடித்து, கவருக்குச் சோற்றுப் பசை தடவி ஒட்டிய கையோடு தபால்காரர் சைக்கிள் மணி கேட்டது. கறுப்புக் கரை போட்ட கார்டு. என் கடிதம் யாருக்குப் போகவேண்டுமோ, அவர் காலமாகிவிட்டார் என்று அதில் அச்சிட்டிருந்தது.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருந்த அருளப்பன் அவர்களைத்தான் சொல்கிறேன். மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடப்போவதாகவும், அப்பாவிடம் வந்துபோனவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதவேண்டும் என்றும் அவர் மகள் ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள். துப்பாக்கி லைசென்ஸ் எங்கள் வீட்டுக்காரருடையது. எழுதவேண்டியவரும் அவர்தான். “நீயே எழுதிடு. என் பேரை மட்டும் போட்டுறாதே” என்று சொல்லிப் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ஏன் தூக்கிக்கொண்டார் என்பது இதைப் படித்து முடித்தால் தெரியும்.

அருளப்பனை நான் முதன்முதலில் பார்த்தது அவர் கடையில்தான். எங்கள் மாமனார் காலத்து ரிவால்வரை எண்ணெய் போட்டுத் துடைக்க எடுத்துப் போயிருந்தோம். வீட்டுக்காரர் உறையிலிருந்து எடுத்து நீட்டினார். அருளப்பனோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தெறந்து குடுங்க ஐயா.”

“காலிதான்யா. நான்தான் சொல்றேன்ல?”

“நீங்க சொல்றீங்க. அது சொல்லலியே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு வரவில்லை. ஆனாலும் திறந்துதான் கொடுத்தார். அந்தக் கடையில் யாராக இருந்தாலும் அதுதான் முறை. இன்ஸ்பெக்டர் வந்தாலும் அருளப்பன் கை முதுகுக்குப் பின்னால்தான் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இனி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ரிவால்வரில் தோட்டா போடும் சக்கரத்துக்கு ஆறு குழி. மாமனார் நான்குதான் போடுவார். சுத்தியல் மாதிரி வந்து அடிக்கிற பாகத்தைக் குதிரை என்பார்கள். அந்தக் குதிரைக்கு நேரே உள்ள குழி காலி. விசையை இழுத்தால் சக்கரம் ஒரு குழி நகருமே, அப்படி அடுத்ததாக வந்து நிற்கும் குழியும் காலி. ஆகையால் முதல் இழுப்பு எப்போதும் ‘டிக்’ என்ற வெறும் சத்தம். இரண்டாவது இழுப்பில்தான் தோட்டா. பெட்டியைத் திறந்து யாராவது விளையாட்டாக இழுத்துவிட்டால் ஆபத்து வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கல்யாணமாகி வரும் முதல் ஆயுத பூஜைக்கு வீட்டு மாப்பிள்ளை எதிரே நிற்கவேண்டும். அவர் நெஞ்சுக்கு நேரே பெரியவர் அந்த முதல் இழுப்பை இழுப்பார். கண் சிமிட்டாமல் நின்றால் பூஜைத் தேங்காய் மாப்பிள்ளைக்கு. சிமிட்டினால் வருஷம் பூராவும் கேலி. என் நாத்தனார் புருஷன் அப்படி நின்றதை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழைய ரிவால்வரின் விசை தளர்ந்து போயிற்று. இனிமேல் அதற்கு உயிர் கொடுக்க மாட்டேன் என்று அருளப்பன் சொல்லிவிட்டார். அதைச் செய்த கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டிருந்த அதே மாடலை மறுபடி செய்ய ஆரம்பித்திருந்தது. அதே பெயர், அதே அளவு, குழலின் மேல் அதே முத்திரை. உள்ளே மட்டும் புது அமைப்பு. எடை குறைவு, குழல் உறுதி, பிடி கையில் வழுக்காது. அந்தப் புதுச் சரக்கில் இரண்டு அருளப்பன் கடைக்கு வந்தன. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்காரர் போய் ஒன்றை வாங்கிவந்தார். “பழக்கம் ஒண்ணும் மாத்த வேணாம், எல்லாம் பழசு மாதிரியேதான்” என்று அருளப்பன் சொன்னதாக என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

என் மகள் வசந்தாவுக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பூஜையன்று அவள் ஏழு மாதம். மாப்பிள்ளை சண்முகம் கோலியனூர்க்காரர். அதிர்ந்து பேசாத பிள்ளை. பூஜை முடிந்து கற்பூரம் அணைந்தது. வீட்டுக்காரர் சந்தனம் வைத்த புது ரிவால்வரை எடுத்தார். அன்று காலையில் அவரே நான்கு தோட்டா போட்டிருந்தார், மாமனார் போட்ட அதே கணக்கில்.

“இன்னா மாப்ள, வேர்க்குதா?”

“கற்பூரச் சூடு மாமா.”

“கோலியனூர்ல கற்பூரமே கெடையாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தா மட்டும், “வேணாம்பா, பாக்கவே ஒரு மாதிரியா கீது” என்றாள். “சும்மா இரு, உங்க அத்தை புருஷனும் நின்னவர்தான்” என்றார் அவர். மாப்பிள்ளை கூடத்துத் தூணுக்கு முன்னால் நின்றார். ரிவால்வர் உயர்ந்தது. நான் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வாசலில் அருளப்பன் வந்து நின்றார். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசு, அதுதான் வேர்க்கடலைத் தூசு. நெற்றியில் வேர்வை வழிந்து, நூல் கட்டிய கண்ணாடியை மறைத்தது. கூடத்தில் நடப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் போனதை நான் பார்த்தேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடையில் பேசுகிற அதே குரலில், அவசரமே இல்லாமல் சொன்னார்:

“ஐயா, லைசென்ஸ் புஸ்தகத்துல நம்பர் ஒண்ணு தப்பா ஏறிடுச்சி. அதுமேல இருக்கிற நம்பரை ஒருவாட்டி பாக்கணும். வெரலை எடுத்துட்டு அப்படியே கீழ வச்சிடுங்க.”

லைசென்ஸ் விஷயம் என்றால் எங்கள் வீட்டுக்காரர் எதையும் அப்படியே நிறுத்திவிடுவார். விரல் விசையிலிருந்து வெளியே வந்தது. குழல் தரையைப் பார்த்தது. ரிவால்வரைப் பலகையில் வைத்தார். அருளப்பன் செருப்போடு கூடத்துக்குள் வந்து அதை எடுத்துத் திறந்தார். தோட்டாக்கள் மஞ்சள் தட்டில் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் அவர் மாப்பிள்ளை நின்ற தூணடியிலேயே உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று காலை கடையில் இருந்த இன்னொரு ரிவால்வரை அவர் துடைத்திருக்கிறார். விசையை இழுத்தபோது சக்கரம் இடது பக்கம் நகர்ந்தது. பழைய மாடலில் அது வலது பக்கம் நகரும். மாமனார் கணக்கில் தோட்டா போட்டால் காலிக் குழி எதிர்ப்பக்கம் விலகிப் போய்விடும், தோட்டாதான் குதிரைக்கு நேரே வந்து நிற்கும். எங்கள் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தந்தி கொடுத்தால் லீவு நாளில் கிராமத்துக்கு யார் கொண்டுவருவது? பஸ் ஏறினார். அது விக்கிரவாண்டியில் பஞ்சராகி நின்றது. மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரியின் மேலே உட்கார்ந்து திண்டிவனம் வந்து, அங்கிருந்து வாடகை சைக்கிளில் பிரம்மதேசம் ரோடு முழுக்க மிதித்து வந்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் நம்பவில்லை. “போய்யா, இதுக்கா இம்மாம் தூரம்? ஒரே பேரு, ஒரே மாடலு” என்றார்.

அருளப்பன் எழுந்து அவரைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போனார். “உங்க கணக்குலயே நீங்களே போடுங்க. அந்த மண்ணைப் பாத்து முதல் இழுப்பு இழுங்க.” நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். அவர் போட்டார். மூடினார். இழுத்தார்.

‘டிக்’ என்று கேட்கவில்லை.

மண் எகிறியது. புளியமரத்துக் காக்கை அத்தனையும் எழும்பின. வசந்தா என் தோளை நகம் பதியப் பிடித்தாள். மாப்பிள்ளை தன் சட்டைப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் ரிவால்வரைத் திறந்து அருளப்பனிடம் நீட்டினார். யாரும் சொல்லாமல் அவர் திறந்து கொடுத்தது அன்றுதான்.

புறப்படும்போது அருளப்பன் காலில் விழப்போன என்னைத் தடுத்தார். அதுவரை என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

“தங்கச்சி, அருளப்பன் காப்பாத்தினான்னு ஊருல சொல்லிக்கினு திரியாதீங்க. பேரைப் பாத்து எல்லாம் பழசு மாதிரின்னு குடுத்தனுப்பினவன் நான். நேத்து ஒருவாட்டி சக்கரத்தைப் பாத்திருந்தா இன்னிக்கி இந்த ஓட்டம் எதுக்கு?”

உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை. அவரைத் தெரிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன். தப்பு அவருடையதுதான். அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பு தெரிந்த நிமிஷத்தில், கடையைக்கூடப் பூட்டாமல் ஓடிவந்தவரும் அவர்தான். அன்று கத்தியிருந்தால் எங்கள் வீட்டுக்காரர் விரல் திடுக்கிட்டு இழுத்திருக்கும். பஸ்ஸும் லாரியும் சைக்கிளும் மாறி ஓடிவந்தவர் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினாரே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் வந்து அந்தச் சக்கரத்தின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு சின்ன அம்பு போட்டுக் கொடுத்தார், எந்தப் பக்கம் சுற்றும் என்று. அந்த மார்கழியில் கற்பகம் பிறந்தாள். அன்றிலிருந்து பிள்ளைகள் என்ன சாதித்தாலும் வருஷம் ஒரு கடிதம் அவருக்கு எழுதுவேன். பதில் ஒரு கார்டில் ஒரே வரியாக வரும்: “சந்தோஷம். திறந்து பார்த்து வைக்கவும்.”

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தக் கார்டுகளும் அந்த அம்பும்தான். பூஜையில் இப்போது ரிவால்வரைத் திறந்து, வெறும் குழியோடுதான் வைக்கிறோம். யாரும் எதிரே நிற்பதில்லை. அம்பு மங்கினால் நானே பெயிண்ட் தொட்டு அதன் மேலேயே வரைகிறேன். முன்னே இருந்த மாதிரிதான் என்று யார் எதைச் சொன்னாலும், அது அரிசியோ மருந்தோ, ஒருதரம் திறந்து பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

ஸ்டெல்லா, உன் அப்பாவுக்கு எழுதி ஒட்டிய கவரை அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். நீ பிரித்துப் படி. நீ அனுப்பிய கறுப்புக் கரைக் கார்டில் போட்டிருக்கும் படம் முறுக்கு மீசையோடு அவர் வாலிபத்தில் எடுத்தது. அந்த ஆளை எனக்குத் தெரியாது. வருஷா வருஷம் தன் மார்க்கு யாருக்குப் போகிறது என்று கற்பகம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு முகத்தைக் காட்டிச் சொல்லவேண்டும். நூல் கட்டிய கண்ணாடியோடு கடைசியாக எடுத்த புதுப் படம் ஒன்று இருந்தால் தபாலில் அனுப்பு, அம்மா.