மாத்திரையின் மேலுறை

என் மனைவிக்கு சைனஸ் தொல்லை கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. மழை தொடங்கிவிட்டால் எங்கள் கெலுகோர் வீட்டில் நொச்சி இலை வாடை போகாது. கொதிக்கும் பானையை அவள் முன்னால் வைத்துப் போர்வையால் தலையோடு மூடுவது என் வேலை. "என்னங்க, என்னை அவிச்சு இட்லி ஆக்கிராதீங்க" என்பாள் உள்ளேயிருந்து.

அந்த வருஷம் ஆவிக்கு அது அடங்கவில்லை. கன்னம் வலித்தது, காய்ச்சல் கண்டது, சளி பச்சையாக வந்தது. கிளினிக்கில் கேப்சூல் கொடுத்து, பாதியில் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சாப்பிடத் தொடங்கியதும் காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் தைப்பூச விரதத்தில் இருந்தாள். மகளுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்ததற்காகத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டுதல்.

நான் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கேப்சூலின் மேலுறை எதனால் ஆனது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு காலையில் அவள் கையில் தண்ணீரோடு நின்றபோது, அது மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் என்று விளக்கினேன்.

"இதச் சாப்பிட்டுட்டா பால்குடம் எடுக்கப் போற? காய்ச்சல்தான் விட்டுருச்சே. பூசம் முடியட்டும்லா. அதுவரைக்கும் ஆவி போதும்."

அவள் கேப்சூலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மருந்துப் பைக்குள் திருப்பிப் போட்டாள். வேறு வகை மாத்திரை உண்டா என்று கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு.

காலையும் மாலையும் ஆவி பிடித்தாள். மூக்கு திறந்தது. வலி மட்டும் கன்னத்தை விட்டுக் கண்ணுக்குப் பின்னால் போனது. சளி இளகுகிறது என்றேன். பூசத்துக்கு முதல் நாள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் தங்கியது, அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது.

மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று மகள் கட்டிலருகே நின்று கேட்டாள். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நாந்தான் நிறுத்திட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

நான் மறுக்கவில்லை. பாயான் பாரு வீட்டிலிருந்து மகள் வரும்போதெல்லாம், தாய் படியில் தடுமாறினாலும், தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாலும், மருந்தை நிறுத்திய பிடிவாதத்தைச் சொல்லிக் காட்டுவாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். போன வருஷம் என் மனைவி இதயக் கோளாறால் இறந்துபோனாள்.

இந்த மழையில் எனக்கே மூக்கடைப்பும் காய்ச்சலும். மகள் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் என்னை உட்காரவைத்து, பானையை முன்னால் வைத்துப் போர்வையால் மூடினாள்.

"மாத்திரைய முழுசா முடிக்கணும்பா. அம்மா மாதிரி பிடிவாதம் பண்ணாதீங்கலா."

நிறுத்தச் சொன்னது நான்தான் என்றேன். ஜெலட்டினைப் பற்றியும் சொன்னேன். போர்வைக்குள் இருந்தபடிதான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை.

வெளியே தம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசை வந்தது.

"அம்மா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கப்பா" என்றாள் பிறகு. "கடைசியா, ஆஸ்பத்திரியில. என் பிடிவாதத்தால உனக்குப் பாரமா இருந்துட்டேன்னு."

நான் போர்வையை விலக்கியபோது மேசைமேல் தண்ணீரும் ஒரு கேப்சூலும் இருந்தன. வாசலில் அவள் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.