முழங்கையைத் தொட்ட கை

மேனாம்பேட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த முதல் வாரம் தலைமையாசிரியரிடம் சாக்பீஸ் பெட்டியை நீட்டினேன். வலது கையில் பெட்டி. இடது கை வலது முழங்கையைத் தாங்கியிருந்தது. பர்மாவில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தானே கொடுப்போம். என்னோடு கப்பலேறி வந்த உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அவரோ பெட்டியை வாங்காமல் என் கையையே பார்த்தார்.

“இன்னா டீச்சர், முழங்கையில நோவா? வேப்பெண்ணெய் தேச்சிக்கோங்க.”

மரியாதை என்று விளக்கினேன். சிரித்தார். மறுநாளிலிருந்து இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். ரங்கூனிலிருந்து எடுத்துவர அனுமதித்ததே கொஞ்சம். அதிலும் ஒன்று போயிற்று.

மேனாம்பேட்டுப் பிள்ளைகளின் அப்பன்மார் நேற்றுவரை சேற்றில் நின்றவர்கள், இன்று அம்பத்தூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். இவர்களோடு தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், உருது வீட்டுப் பிள்ளைகள். ரங்கூனிலும் என் வகுப்பில் நாலு பாஷை கேட்கும். ஆனால் அங்கே, பின்தங்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைக்க நேரமிருந்தது. இங்கே ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புக்கு நான் ஒருத்தி. அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் கலைந்துவிடும். எல்லோரையும் சேர்ந்து கத்தவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கத்தலில் அஞ்சலையும் வாயசைப்பாள். அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. அவள் பக்கத்தில் சேகரை உட்காரவைத்தேன். நமக்குப் பின்னால் வந்த கப்பலில் வந்தவன், தாய் பர்மியப் பெண். தமிழில் ஒரு சொல் தெரியாது. என்னை ‘சயாமா’ என்பான், பர்மாவில் டீச்சரை அழைப்பதுபோல. இரண்டு பேருக்கும் கைதான் பாஷை. புளியங்கொட்டைகளை நகர்த்தி நகர்த்தியே கூட்டல் கற்றுக்கொண்டார்கள். சேகர் முழங்கையைத் தொட்டபடி சிலேட்டை நீட்டுவான். அவனைப் பார்த்து அஞ்சலையும் நீட்டுவாள். அந்த நாட்களில் மட்டும் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

பொங்கலுக்குள் சேகருக்குத் தமிழ் வந்துவிட்டது. வந்ததும் இடம் மாறி உட்கார்ந்தான். திரும்பக் கூப்பிட்டால் முரண்டு பிடித்தான்.

“போ டீச்சர், அது செவுடு. அதாண்ட குந்திகினா என்னையும் செவுடுன்றாங்கோ.”

சயாமா போய் டீச்சராகியிருந்தேன். கையை ஒளித்துக்கொண்டவள் அவனை என்ன சொல்லித் திட்டுவது? அஞ்சலை சில நாள் புளியங்கொட்டைகளை அவன் பக்கம் தள்ளிப் பார்த்தாள். பிறகு தள்ளவில்லை. வாயசைப்பதும் நின்றுபோனது.

ஒரு நாள் அவள் அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“நான் நடவுக்குப் போனா சின்னத யாரு பாத்துக்கிறது? இது இஸ்கோலுக்கு வந்து இன்னாத்த கத்துக்கிச்சி?”

பட்டணத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன்.

“வாய் பேசாத புள்ளைய எவங்கிட்டயோ உட்டுட்டு நான் எப்டிம்மா தூங்குவேன்?”

அஞ்சலையின் தோளைத் தொட்டு, சிலேட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

பள்ளிக்கூடத்துச் சிலேட்டை அஞ்சலை என்னிடம் நீட்டினாள். இடது கை வலது முழங்கையைத் தொட்டிருந்தது.

“பாருங்க டீச்சர், உங்க நோவு அதுக்கும் ஒட்டிக்கிச்சி,” என்றார் தலைமையாசிரியர். கூடமே சிரித்தது. சேகரும் சிரித்தான்.

கூட்டல் அவளுக்கு மறந்துவிடும். இது மட்டும் அவள் கையில் மிஞ்சும். மேனாம்பேட்டில் யார் பார்த்தாலும் முழங்கையில் நோவு என்றுதான் நினைப்பார்கள். சிலேட்டை வாங்க வலது கையை நீட்டினேன். தலைப்புக்குள் இருந்த இடது கை முழங்கையை நோக்கிப் பாதி வழி வந்து, அங்கேயே நின்றுவிட்டது.