ஆபீஸ் புல்வெளிக்கு வந்த பந்தயக் குதிரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலை. திருவனந்தபுரம் வலியசாலையில் இருந்து கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் வருபவள் நான். அன்று நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தேன். எங்கள் ஆபீஸ் கேட்டை நெருங்கும்போது எனக்கு முன்னால் ஒரு குதிரை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

செம்பழுப்பு நிறம். கழுத்தில் அறுந்த கயிறு. முன்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி வைத்தது. செக்யூரிட்டிக்காரர் விசிலை ஊதிப் பார்த்தார். அது காதை ஒரு தரம் ஆட்டிவிட்டு, புல்லில் நடக்கக் கூடாது என்று எழுதிய பலகையின் பக்கத்தில் நின்று நிதானமாக மேய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மாடி மாடியாக ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் போன். எல்லார் முகத்திலும் சிரிப்பு. திங்கட்கிழமையில் அப்படி ஒரு சிரிப்பை அங்கே நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு நிற்கும்படி ஒரு லாரி டிரைவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். தமிழ்நாட்டுக்காரர். லாரி ரோட்டில் பழுதாகிவிட்டதாம். குதிரையை வேறு வண்டிக்கு மாற்றும்போது யாரோ ஹார்ன் அடிக்க, மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டதாம்.

"இது பந்தயத்துல ஓடின குதிரைங்க. கால்ல அடிபட்டதும் வித்துட்டாங்க. அப்புறம் கல்யாண ஊர்வலம், கடற்கரை சவாரின்னு கை மாறி வந்துச்சு. இப்ப அதுக்கும் ஆகல" என்றார்.

"இப்போ எங்கே கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கறிக்குத்தான். நான் வண்டி ஓட்டுறவன்க்கா. ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினேன்."

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் மேனேஜர் வந்தார். மீட்டிங்குக்கு ஒரு நிமிஷம் தாமதமானாலும் பார்வையாலேயே பொசுக்கிவிடுகிற அம்மாள் அவர். 'போய் வேலையைப் பாருங்கள்' என்று விரட்டப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ ஹீல்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்தார். "பேடிக்கண்டா மோளே, பேடிக்கண்டா" என்று, பயப்படாதே மகளே என்று பயந்த குழந்தையிடம் பேசுவதுபோல முணுமுணுத்துக்கொண்டே அந்த அறுந்த கயிற்றைப் பிடித்தார். குதிரை அவர் தோளை முகர்ந்தது.

"இவள் இனி எங்கேயும் போகில்லா. மனசிலாயோ, புரிஞ்சுதா?" என்றார் டிரைவரிடம், தமிழும் மலையாளமுமாக.

டிரைவருக்குப் பின்னாலேயே வந்த, குதிரை புரோக்கரின் ஆள் குரலை உயர்த்தினான். கயிற்றைப் பிடுங்கக் கையை நீட்டினான். எப்படி நடந்தது என்றே தெரியவில்லை, நாங்கள் எல்லாரும் மேனேஜரைச் சுற்றி நின்றுவிட்டோம். நாயைக் கண்டாலே சாலையின் மறுபக்கத்துக்குத் தாவுகிற நான், குதிரையின் வயிற்றை உரசிக்கொண்டு நின்றேன். அதன் சூடு என் முழங்கையில் பட்டது.

போலீஸும் வந்தது, கால்நடை டாக்டரும் வந்தார். குதிரையைக் கறிக்கு வெட்ட அனுமதி கிடையாது என்று சப் இன்ஸ்பெக்டர் போனில் சொன்னதும், அனுப்பிய புரோக்கர் தனக்குக் குதிரையும் வேண்டாம், கேஸும் வேண்டாம் என்று கைகழுவிவிட்டார். டாக்டர் ஒரு சின்னக் கருவியைக் கழுத்தோரம் வைத்துப் பார்த்தார். அது பந்தயத்தில் ஓடியதற்கு அடையாளமாகத் தோலுக்கு அடியில் ஒரு சிப் இருந்தது. "நம்மளப் போல இவளுக்கும் ஐ.டி. கார்டு உண்டு கேட்டோ" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம்.

"இனி ஆளைச் சுமக்க முடியாது. ஆனா நல்ல தீனியும் நடக்க இடமும் கிடைச்சா ரொம்ப வருஷம் சுகமா இருக்கும்" என்றார் டாக்டர். அந்த இடத்துக்கு எங்கே போவது? எங்களில் பாதிப் பேருக்கு வீடு என்றால் வாடகை ஃபிளாட், மீதிப் பேருக்கு ஹாஸ்டல்.

எனக்குப் பாறசாலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா நினைவுக்கு வந்தார். ஸ்பீக்கரில் வைத்துப் போன் போட்டேன்.

"மாமா, ஒரு காரியம் சொல்லணும். கோவப்படப்பிடாது. ஒரு உயிருக்கு இடம் வேணும்."

"பூச்சையா, பட்டியாட்டீ?" பூனையா, நாயா என்று கேட்டார் மாமா.

"குதிரை மாமா."

 "எட்டி, ஆப்பீசுல உனக்கு வேற சோலி ஒண்ணும் இல்லியா?" என்றார். பின்னால் அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "குதிரையா? கொண்டுவரச் சொல்லுங்க. தோப்புல புல்லு சும்மாதானே வளந்து கிடக்கு!" என்ற குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. புல்வெளியில் கைதட்டல் எழுந்தது. குதிரை மட்டும் தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒரு வண்டி பிடித்து, மேனேஜரும் நானும் கூடவே போனோம். தோப்பில் இறக்கிக் கயிற்றை அவிழ்த்ததும் அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கிப் படுத்து, நான்கு கால்களையும் ஆகாயத்துக்குத் தூக்கி, முதுகு தேயப் புல்லில் புரண்டது. எழுந்து உடம்பை உதறி, தென்னை மரங்களுக்கு நடுவே நொண்டி நொண்டி ஒரு சின்ன ஓட்டம். சாட்டை இல்லை, முதுகில் ஆள் இல்லை, அதுவாக ஓடிய ஓட்டம். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.  "நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா குதிரையைத் தொட்டேன். காலையிலேந்து பேடிச்சுட்டேதான் இருக்கேன்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

யாரும் ஏறக் கூடாது, யாருக்கும் விற்கக் கூடாது, கடைசி மூச்சு வரை அவள் இங்கேதான் என்று அன்றே மாமாவோடு பேசி முடிவு செய்தோம். கொள்ளும் வைத்தியமும் ஆபீஸ் கூட்டத்தின் பொறுப்பு. குதிரை தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று டாக்டர் சொன்னதால், அடுத்த வருடம் ஓய்வு பெற்ற இன்னொரு பந்தயக் குதிரையும் வந்து சேர்ந்தது. இப்போது மாமா எனக்கு போன் செய்தால் முதலில் குதிரைகளின் விசேஷம், அப்புறம்தான் வீட்டு விசேஷம்.

அன்று அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விலகியிருந்தால் ஒரு நல்ல உயிர் போயிருக்கும் என்ற நினைப்புதான், இன்றைக்கும் எதையாவது கண்டும் காணாமல் கடக்கப் பார்க்கும்போது என்னை நிறுத்தி வைக்கிறது.