'தூள்' என்றுதான் சொன்னேன்

பச்சை பிடித்த பித்தளைத் தகட்டை எழுத்தழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் ஒரு வாசனை வரும். பாதி பள்ளிக்கூட வாசனை, பாதி கருகல். தூத்துக்குடியில் வளர்ந்து, வீட்டில் 'கேம் பெட்டி' வைத்திருந்த யாருக்கும் அது மறந்திருக்காது. ஜன்னல் கம்பியையே விட்டுவைக்காத உப்புக் காற்று, ஜாய்ஸ்டிக் வயரின் நுனியை மட்டும் விட்டுவைக்குமா என்ன? தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி சொருகி, "பிஸ்மில்லா" என்று பொத்தானை அமுக்கினால்தான் திரையில் வெளிச்சம் வரும். வந்த பிறகும் அது எந்த நேரம் போகும் என்பது கரண்டுக்காரர்களின் கையில் இருந்தது.

எங்கள் குடும்பம் காயல்பட்டினத்தைச் சேர்ந்தது. காக்காவை, அதாவது என் அண்ணனை, நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தூத்துக்குடிக்குக் குடிவந்தோம். வாப்பா துபாயில் இருந்தார். ஒரு விடுமுறையில் வந்தபோது அவர் டிவியும் கேம் பெட்டியும் வாங்கி வந்தார். டிவியை வீட்டுக்குள் விட்ட உம்மா, கேபிளை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே எங்கள் டிவியில் ஓடியது இரண்டே சங்கதிகள்தான்: சொந்தக்காரர்களின் கல்யாண டிஸ்க், இல்லாவிட்டால் கேம். நாட்டில் எல்லோரும் பார்த்த படம், பாட்டு, விளம்பரம் எதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் பெட்டி சலித்துப்போய்க் காக்கா கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட, பெட்டி எனக்குச் சொந்தமானது.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை அது. பையன்கள் கூடும் கேம் கடைப் பக்கம் நான் போகக்கூடாது, தெருவில் நின்று பேசக்கூடாது என்று உம்மா வரிசையாகக் கட்டளை போட ஆரம்பித்திருந்தார். அந்தத் தெருவில் எனக்கென்று இருந்தவள் ஒருத்திதான். முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் மகள், பொன்செல்வி. 'பாத்து' என்று என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு அவள் வந்தால் எனக்குப் பேச்சு உண்டு. வராவிட்டால் நானும் சுவரும்தான்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் விளையாடிய நேரத்தைவிட விளையாட்டைப் பற்றிப் பேசிய நேரம்தான் அதிகம். டிஸ்க்குகளின் மேல் இருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாததால், எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்தோம். செல்வியின் அபிப்பிராயங்கள் விசித்திரமாக இருக்கும். 'குத்துச்சண்டை' அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அதில் தோற்கிறவன் எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பது பிடிக்காது; "ஒரு வாய் தண்ணி குடுக்க ஒருத்தருமா இல்ல?" என்பாள். சுரங்கத்துக்குள் ஓடும் விளையாட்டில் வைரம் பொறுக்காமல் ஓடுகிறவர்களை அவளால் மன்னிக்க முடியாது. கடைக்காரர் மகள் அல்லவா? எனக்கு வேகம் வேண்டும். கார் ஓட வேண்டும், எதிலாவது மோத வேண்டும், அவ்வளவுதான். எது நல்ல விளையாட்டு என்பதில் நாங்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை, ஆனாலும் ஒருத்தி சொல்லாமல் இன்னொருத்தி எதையும் தொட்டதில்லை.

இங்கே எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உம்மாவின் முன்னோர் முத்து வியாபாரிகள். முத்துக் குளிப்பு நின்று, வியாபாரம் போய், சல்லடையும் தராசும் எங்கே போயின என்று தெரியாத காலத்திலும், முத்தைத் தரம் பிரித்த வார்த்தைகள் மட்டும் உம்மாவின் வாயில் அப்படியே இருந்தன. முதல் தரம் 'ஆணி'. கோணல்மாணலானது 'குறுவல்'. சல்லடையின் கடைசித் தட்டையும் தாண்டிக் கீழே விழுவது, யாரும் கையில் எடுக்காதது, 'தூள்'. உம்மா இவற்றால் உலகத்தையே தரம் பிரிப்பார். சீலா மீன் ஆணி. டெய்லர் தைத்த சட்டை குறுவல். பக்கத்து வீட்டுக்குப் பார்த்த மாப்பிள்ளை, பாவம், தூள். "முத்தையே சலிச்சுத்தான் பார்த்தாங்க, மனுசரைப் பார்க்கக்கூடாதா?" என்று ஒரு கேள்வி வேறு. நானும் வீட்டுக்குள் அப்படியே பேசுவேன். வெளியே போனால் 'நல்லாருக்கு', 'நல்லால்ல' என்று பள்ளிக்கூடப் பேச்சுக்கு மாறிக்கொள்வேன்.

அந்தக் கோடையில் செல்விக்கு யோகம் அடித்தது. சென்னையில் வேலை பார்த்த அவளுடைய மாமா, பழைய கேம் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்ததென்றும் கூடவே ஒரே ஒரு டிஸ்க் வாங்கித் தருவதாகவும் கடைக்கு போன் செய்தார். என்ன டிஸ்க் என்று உடனே சொல்ல வேண்டும். அவர் அங்கே டிஸ்க் விற்கும் கடையிலேயே நின்றபடி பேசிக்கொண்டிருந்தார். செல்வி ரிசீவரை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, மூச்சிரைக்க எங்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"ஏளா பாத்து! மாமா லைன்ல நிக்காவ. மலையில கார் ஓட்டுறது ஒண்ணு, தோணி ஓட்டுறது ஒண்ணு, ரெண்டுதான் இருக்காம். நீ ஊர்ல ரெண்டும் விளையாடியிருக்கல்லா? சீக்கிரம் சொல்லுளா!"

காயல்பட்டினத்தில் மாமி வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டையும் விளையாடியிருந்தேன். மலைக்கார் என் உயிர். தோணியோ, நடுக்கடலில் ஒரு ஆள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பான். சுடுவதற்கு ஒன்றும் கிடையாது, துரத்துவதற்கு ஒரு சுறாகூடக் கிடையாது, எவ்வளவு அமுக்கினாலும் சுற்றிச் சுற்றி அதே இடம். அவள் அவசரப்படுத்திய வேகத்தில் எனக்குப் பள்ளிக்கூடப் பேச்சு வரவில்லை, வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"மலைக்கார் ஆணி, தோணி தூள்!" என்று கத்தினேன்.

அவள் முகம் மலர்ந்தது. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள். நானும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் சோறு சாப்பிடப் போனேன்.

பெட்டி வந்த மறுநாள் மத்தியானம் வெயிலில் வந்து நின்றாள். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏளா, நீ என்ன சொன்ன? தூள்னுதான சொன்ன?"

"ஆமா. தூள்னுதான் சொன்னேன்."

"பொறவு?"

"பொறவு என்ன பொறவு? தூள்னு சொன்ன பொறகும் அதையே வாங்கினா நான் என்ன செய்ய?"

"நீ சொன்னதாலதாம்ளா வாங்குனேன்! லீவு முழுக்க அது ஒண்ணுதான் எனக்கு. எனக்கும் ஒரு பெட்டி வந்திருச்சேன்னு உனக்குப் பொறாமை."

சொன்னது இன்னதென்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு, அதன்மேலேயே சண்டை போட்டவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். வேண்டுமென்றே வாங்கிவிட்டு என் மேல் பழி போடுகிறாள் என்று நான் நினைத்தேன். வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். "இனி உன் வீட்டு வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே வரவும் இல்லை.

அந்த நாட்களில் எனக்கு நானே ஜோடி. இரண்டு பேர் விளையாடும் குத்துச்சண்டையில், இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னை நானே அடித்து, என்னையே தோற்கடித்தேன். ஜெயித்ததைச் சொல்லவும் ஆளில்லை, தோற்றதைச் சொல்லவும் ஆளில்லை. வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். "அந்தப் புள்ளையை எங்கே காணோம்?" என்று உம்மா கேட்டபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஒரு சாயங்காலம் செல்வியின் அம்மா, அவர்கள் மரத்தில் காய்த்த முருங்கைக்காயைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் சண்டை அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே என்று உம்மா தான் செய்திருந்த வட்டிலப்பத்தை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். தேங்காய்ப்பால், கருப்பட்டி, முட்டை எல்லாம் சேர்த்து உம்மா ஆவியில் வேகவைக்கும் அந்த வட்டிலப்பத்துக்கு எங்கள் குடும்பத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது. செல்வியின் அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"அக்கா, தூள்!" என்றார்.

உம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "பிடிக்கலன்னா வச்சிரு, தங்கச்சி. கஷ்டப்பட்டுத் தின்ன வேணாம்" என்றார், தரையைப் பார்த்தபடி.

"என்னக்கா இப்பிடிச் சொல்லுதீய? இன்னொரு கரண்டி வையிங்கன்னு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

"தூள்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டியா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் முதலில் பிடிபட்டது. ஊரில் எல்லோருக்கும் 'தூள்' என்றால் பிரமாதம்; எங்கள் வீட்டில் மட்டும்தான் அது குப்பை. செல்வி என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், அவள் ஏன் முகம் மலர்ந்து ஓடினாள், எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளக்கம் சொல்ல அங்கே நிற்கப் பொறுமை இல்லை. "உம்மா, செல்வி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். ஊருக்குப் போனவள் எப்போது திரும்பினாள் என்று உம்மா கேட்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு போகச் சொன்னார், அவ்வளவுதான்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, செல்வி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"நீ சொன்னது சரிதாம்ளா. தூள்தான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

நடந்தது இதுதான். வேறு டிஸ்க் இல்லாத கொடுமைக்கு அவள் தினமும் அதையே போட்டுத் துடுப்பு வலித்திருக்கிறாள். ஒருநாள் எரிச்சலில் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் தோணி ஒரு தீவின் கரையில் நிற்கிறது. துடுப்பை விட்டால்தான் பாய் விரியுமாம். காற்று பார்த்துப் போனால் தீவு தீவாக வருமாம். ஒவ்வொரு தீவிலும் ஒரு ஆள் நின்று அடுத்த தீவுக்கு எதையாவது கொடுத்தனுப்புவானாம். நான் மாமி வீட்டில் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன், காற்றுக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். பெரிய ரசிகை என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். ஆனால் மனசு கேட்கவில்லை. ஆணி என்றால் என்ன, தூள் என்றால் என்ன, வட்டிலப்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செல்வி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"ஆணின்னா முத்தா? அட பாவி, நான் டயர்ல ஏறுற ஆணின்னுல்லா நெனச்சேன்! அந்தக் கார் பஞ்சராயிப் பஞ்சராயி நிக்கும்னு மாமாட்ட சொல்லிட்டேனே!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். கடையிலிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்வி ஒரு மூட்டையைக் காலால் தள்ளி இடம் பண்ணினாள்.

"அப்போ இது நல்லாருக்குன்னு நீ சொல்லல. சரி, நாஞ் சொல்லுதேன். தோணி நல்ல விளையாட்டு. இங்கன உக்காரு. எதையும் அமுக்காத."

உட்கார்ந்தேன். அமுக்காமல் இருப்பது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலையாக இருந்தது. பாய் விரிந்தது. சேமித்து வைக்கிற வசதி அந்தப் பெட்டியில் இல்லாததால், அந்தக் கோடை முழுவதும் தினமும் முதல் தீவிலிருந்து புறப்பட்டோம். கடைசித் தீவை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் கரண்டு முந்திக்கொண்டது.

இப்போது அந்தப் பெட்டிகள் இல்லை. டிஸ்க் விற்ற கடைகளில் செல்போன் உறை விற்கிறார்கள். எந்த விளையாட்டு எப்படி என்று கேட்க யாரும் யார் வீட்டு ஜன்னலுக்கும் மூச்சிரைக்க ஓடிவருவதில்லை. முகம் தெரியாத ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரங்கள் போனிலேயே இருக்கின்றன. என் மகள் அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் எதையும் இறக்குகிறாள். குறை சொல்லவில்லை, அவளும் அவள் தோழியும் போனில் மணிக்கணக்காகச் சண்டை போடுவதைக் கேட்கும்போது எனக்கு அத்தனை சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

செல்வி சாகுபுரத்தில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். போன வாரம் ஒரு விளையாட்டை அனுப்பியிருந்தாள். ஒரு பழைய பஸ்ஸை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். வழியில் யாராவது ஏறுவார்கள், யாராவது இறங்குவார்கள். வேறு ஒன்றுமில்லை. மகள் எட்டிப் பார்த்து, "ரெண்டு நட்சத்திரம்தான் உம்மா இதுக்கு, அழிச்சிருங்க" என்றாள். எனக்கும் கொட்டாவிதான் வந்தது. செல்விக்கு போன் செய்து, பிடிக்கவில்லை என்று நேரடியாகவே சொன்னேன்.

"எவ்வளவு தூரம் போயிருக்க?" என்று கேட்டாள்.

"மூணாவது ஊர்."

"இன்னும் கொஞ்சம் போளா" என்றாள்.

இப்போது ஆறாவது ஊரில் இருக்கிறேன். இன்னும் பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு மறுபடியும் பஸ்ஸை எடுக்க வேண்டும்.