வேதபாடம் வாசிச்ச சேர்மன்

இன்னைக்கு எங்க சர்ச்சுக்கு நாங்க ஓட்டு போட்ட சேர்மன் வந்தாரு. பாஸ்டர் சால்வை போட்டு, அவரையே வேதபாடம் வாசிக்கச் சொன்னாரு.

ஆளுறவங்க விதவைக்கு நியாயம் செய்யணும்னு வர்ற பகுதி. கணீர்னு வாசிச்சாரு. எல்லாரும் ஆமென் சொன்னோம்.

முடிஞ்சதும் கிட்ட போனேன். "அண்ணே, போன மாசம் எங்க வூட்டுக்காரர் லாரி அடிச்சு செத்துப்போன திண்டிவனம் ரோட்டு வளைவுல இன்னும் லைட்டு போடலீங்க. எம் பொண்ணு வேலை முடிஞ்சு இருட்டுல அந்த வழியாத்தான் வருது."

"ஜெபம் பண்ணிக்கோம்மா, நடக்கும்"னு சொல்லிக்கினே கார்ல ஏறிட்டாரு.

"பண்ணிட்டேண்ணே, அதுக்குத்தான் கர்த்தர் உங்களை அனுப்பினாரு"ன்னு சொல்லியிருக்கணும். சோறு வடிக்கறப்பதான் தோணுச்சு. அதுக்குள்ள அவரு கார் விழுப்புரமே போயிருக்கும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த சர்ச்சுல வாசிக்கறாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. முன் வரிசையில போய் உக்காரணும்.