வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக் கூட்டம்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கல்முனைப் பக்கத்தில் கூட்டம் வைக்கிறவருக்கு ஒன்று ஊர் தெரியாது, இல்லாவிட்டால் ஊரோடு ஏதோ கோபம் இருக்கவேண்டும். எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்த பேராசிரியைக்கு ஊர் தெரியாது. அவர் இருந்தது ஐரோப்பாவின் வடக்கில், கூட்டம் கணினித் திரையில். வாரத்தில் அவருக்கு வகுப்பு இல்லாத ஒரே நேரம் வெள்ளி காலை எட்டு மணி. அது எங்களுக்குப் பன்னிரண்டரை, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போகும் ஜும்ஆத் தொழுகை நேரம்.

கரையோர வயல்களில் உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வு. இரண்டு நாடுகள் சேர்ந்து காசு போட்ட வேலை. கருவிகளுக்கு அவர்களுடைய காசு, வயலில் இறங்கும் ஆளுக்கு எங்களுடைய காசு. ஒரு நாடு கையெழுத்துப் போடாமல் மற்ற நாடு ஒரு சதமும் விடாது. முதலில் ஒரு பெரும்போகம், அதாவது ஐந்து மாதம், வெள்ளோட்டம் பார்ப்பது, இரு நாட்டு அதிகாரிகளுக்கும் திருப்தி என்றால் இன்னும் மூன்று வருஷம் நீட்டுவது என்று ஏற்பாடு. வயலில் இறங்கும் ஆள் நான். நீட்டினால் எனக்கு மூன்று வருஷ வேலை. இல்லாவிட்டால் சித்திரைக்குப் பிறகு வீடு.

கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லுங்கள் என்று எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான சேரிடம் முதல் வாரமே சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"காசு தாற ஆக்களிட்டப் போய் நேரத்த மாத்துங்க எண்டு எப்படிக் கேக்கிற? மரியாத இல்ல புள்ள. நீங்க இருந்து கதைங்க, நாங்க தொழுதிட்டு வந்திர்ரம்."

அவர்கள் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். சேர் நின்றபடியே வாசித்து, "நல்லம், நல்லம்" என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். அந்தச் சட்டையை அவருடைய மனைவி எத்தனை தடவை கடதாசியோடு துவைத்தாரோ தெரியாது.

ஆண்கள் எல்லோரும் போனபின் அந்தக் கட்டடத்தில் நான் மட்டும் இருப்பேன். தெருவில் கடைகள் பூட்டியிருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா தொடங்கியதும் ஜன்னல்களைச் சாத்துவேன். மின்விசிறி இரைந்தால் அவருக்கு விளங்காது என்று அதையும் நிறுத்துவேன். வியர்த்துக் கொட்டும். அப்படியும் ஒருநாள் குரல் உள்ளே வந்துவிட்டது. யார் யாரை ஏசுகிறார்கள் என்று பேராசிரியை கேட்டார்.

"எங்கள் எல்லோரையும்" என்றேன். அது பள்ளிவாசல் பிரசங்கம் என்றும் சொன்னேன். இருவரும் சிரித்தோம். வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் இப்படி, இது ஆண்கள் யாரும் வரமுடியாத நேரம் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பு இருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குச் சீதனமாக வாப்பா கட்டித் தந்த வீட்டில் நான் தனியே இருக்கிறேன். வீட்டோடு வந்த கல்யாணம் இரண்டு வருஷத்தில் முடிந்தது. அந்த மனுஷன் போனார், வீடு போகவில்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள். சம்மாந்துறையில் இருக்கும் தங்கச்சிக்குப் பிள்ளைகளோடு தலை சொறிய நேரமில்லை. எனக்கு வாயும் கொஞ்சம் காரம், சிநேகிதிகள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டார்கள். சவளக்கடைப் பக்கம் வரம்பு வழியே கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்து, வாய்க்கால் தண்ணீரில் அதை முக்கி, இலக்கத்தை எழுதி, திரும்பி வருவேன். சில நாட்களில் ஆட்டோக்காரரிடம் "இறக்கிவிடுங்க" என்று சொன்னதுதான் நான் பேசிய முழுப் பேச்சும்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு மனுஷி வெள்ளிக்கு வெள்ளி காத்திருந்தார். நான் சொன்ன இலக்கத்தைக் கேட்டுவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்பார். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டுப் பழக்கமில்லை. பிறகு பழகிக்கொண்டேன். பலத்த மழைக்குப் பிறகும் ஒரு வாய்க்காலில் உப்பு குறையாததை வைத்து, உப்பு மேலால் அல்ல, நிலத்துக்குக் கீழால் வருகிறது என்று வாதாடினேன். அவர் மறுத்தார். இரண்டு வாரம் சண்டை பிடித்தோம். மூன்றாம் வாரம் "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றார். உப்புப் பேச்சு முடிந்தபின் தன் முழங்கால் வலியைச் சொல்வார், தொலைபேசி எடுக்காத மகளைச் சொல்வார். நான் என் வீட்டைச் சொல்வேன்.

போகம் முடிந்து, வெள்ளாமை வெட்டி, முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. இரு நாட்டு அதிகாரிகளும் திரையில். நேரம், வேறென்ன, வெள்ளி பன்னிரண்டரை. சேர் அன்றைக்கும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உப்பைப் பற்றிய கேள்விகளுக்கு நான் தடுமாறவில்லை. கடைசியில் அவர்கள் பக்கத்து அதிகாரி ஒரு தாளைப் பார்த்தபடி கேட்டார். ஐந்து மாதக் கூட்டக் குறிப்புகளிலும் உங்கள் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருக்கிறது. மூத்தவர்கள் யாருமே வரவில்லை. இன்றைக்கும் இல்லை. இதற்குப் பெயர் இரு நாட்டு ஒத்துழைப்பா? அக்கறை இல்லாத இடத்துக்கு மூன்று வருஷக் காசை எப்படிப் பரிந்துரைப்பது?

எங்கள் நாட்டு அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியை என்னையே பார்த்தார். வாய் திறக்காவிட்டால் வேலை போகும். திறந்தால் இந்த ஒரு மணித்தியாலம் போகும்.

"இது எங்கள் ஜும்ஆத் தொழுகை நேரம். அவர்களால் வரமுடியாது. அக்கறை இல்லாமல் இல்லை" என்றேன்.

பேராசிரியையின் முகம் சிவந்தது. "ஐந்து மாதமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். கேட்க வெட்கப்பட்டோம் என்று சேரின் காரணத்தைச் சொன்னேன். என் காரணத்தைச் சொல்லவில்லை. அவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, தன் வகுப்பொன்றை மாற்றி, கூட்டத்தை வியாழனுக்கு வைத்தார். ஐந்து மாதமாக மரியாதை என்று பொத்தி வைத்திருந்த விஷயம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. காசும் அடுத்த மாதமே உறுதியானது.

முதல் வியாழக்கிழமை அறை நிறைந்திருந்தது. சேர் நடுவில், மற்ற விரிவுரையாளர்கள் இருபுறமும். நான் பின்வரிசையில், கமராவுக்குத் தெரியாத மூலையில். பேராசிரியை மறுபடி மன்னிப்புக் கேட்டார், எங்களவர்கள் பரவாயில்லை என்றார்கள். பிறகு உப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த வாய்க்காலைப் பற்றி அவர் கேட்டபோது சேர் கையைப் பின்னால் நீட்டினார். நான் தாளைக் கொடுத்தேன். அவர் வாசித்தார், அழகாகத்தான் வாசித்தார். "நன்றி, பேராசிரியர்" என்று திரையில் குரல் கேட்டது. கீழால் வரும் உப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பேராசிரியை கேட்டார். சேரைத்தான் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் சேர் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நல்ல மனிசி புள்ள! எப்படி ஆறுதலாக் கேட்டுக் கதைக்கிறா, பாத்தீங்களா? நாம இவ்வளவு நாளும் கதைக்காம இருந்திட்டமே."

"ஓம் சேர்" என்றேன்.